ரத்தத்தில் மிதக்கும் செல் குமிழிகள் கருப்பை உள்சவ்வைக் கெடுக்கின்றனவா? ஆய்வகத்தில் இதைச் சோதிப்பது எப்படி

அடுத்தடுத்துக் கரு கலையும் பெண்களின் ரத்தத்திலிருந்து எக்சோசோம் என்ற நுண்குமிழிகளைப் பிரித்தெடுத்து, அதைக் கருப்பை உள்சவ்வுச் செல்கள் மேல் ஊற்றி, செல்கள் சரியாக மாறவில்லை என்று காட்டுகிற ஆய்வுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. நல்ல கேள்விதான். அதனாலேயே எம்.எஸ்சி. புராஜெக்டுக்கும் பிஎச்.டி.க்கும் இதே தலைப்போடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், வந்த வேகத்தில் கிட்டுக்கு ஆர்டரும் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். செல் தட்டு வரைக்கும் போவதற்கு முன்னாலேயே இந்தப் பரிசோதனையின் பாதி விதி எழுதப்பட்டுவிடும்: ஊசி குத்திய முதல் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தை என்ன செய்தீர்கள், யாருடைய ரத்தத்தை யாருடையதோடு ஒப்பிடுகிறீர்கள், இந்த இரண்டும்தான் அதை எழுதுகின்றன. ஆகவே இந்தக் குறிப்பில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

முதலில் கேள்வியைச் சரியாகப் பிடியுங்கள்

கருப்பை உள்சவ்வு ஒவ்வொரு மாதமும், கரு வந்தாலும் வராவிட்டாலும், தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. முட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் ஏற ஏற, சவ்வைத் தாங்கி நிற்கும் ஒல்லியான ஸ்ட்ரோமா செல்கள் உருண்டு திரண்டு, புரோலாக்டினையும் ஐஜிஎஃப்பிபி-1 என்ற புரதத்தையும் சுரக்கத் தொடங்கும். இதற்கு டெசிடுவலைசேஷன் என்று பெயர். எலிக்குக் கரு வந்து ஒட்டினால்தான் இது தொடங்கும், மனிதருக்கு அப்படி இல்லை. எலியில் பார்த்ததை அப்படியே பெண்ணுக்குப் பொருத்திவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

தொடர் கருச்சிதைவு உள்ள பெண்களின் ஸ்ட்ரோமா செல்களைத் தட்டில் வளர்த்தால் இந்த மாற்றம் கோணலாக நடக்கிறது, புரோலாக்டின் குறைகிறது என்று ஆய்வாளர் யான் பிரோசன்ஸ் குழுவினர் 2010இல் காட்டினார்கள். அவர்கள் சொன்ன விளக்கம் வழக்கமாக நாம் நினைப்பதற்கு நேர்மாறானது: சவ்வு கருவை ஏற்க மறுப்பதால் மட்டும் பிரச்சினை வருவதில்லை, தேறாத கருவையும் தடுக்காமல் ஏற்றுக்கொள்வதாலும் வரலாம். கரு சீக்கிரம் தங்கும், ஆனால் நிலைக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பரிசோதனையில் கருவுக்குப் பதிலாக வைக்கும் செல் உருண்டை நன்றாக ஒட்டியது என்றால் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பின்னால் யோசிக்க வேண்டி வரும்.

சரி, இதில் ரத்தக் குமிழிகள் எங்கே வருகின்றன? எல்லாச் செல்லும் தன் சவ்விலிருந்து வெசிக்கிள் எனப்படும் சின்னச் சின்னக் குமிழிகளை வெளியே விடுகிறது. செல்லின் உள்ளறையில் உருவாகி வெளியேறுபவை சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும், அவைதான் எக்சோசோம். வெளிச்சவ்வு அப்படியே மொட்டுவிட்டுப் பிரிபவை 100 முதல் 1000 நானோமீட்டர் வரை. அளவு ஒன்றோடொன்று மேற்படுவதால், பிளாஸ்மாவிலிருந்து, அதாவது செல்களை நீக்கிய ரத்த நீரிலிருந்து, எடுத்த பிறகு எது எந்த வகை என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இத்துறையின் சர்வதேச வழிகாட்டுதலான மிசெவ், 2018 பதிப்பிலும் 2023 பதிப்பிலும், பிறப்பிடத்தை நிரூபிக்காமல் எக்சோசோம் என்று எழுதாதீர்கள் என்கிறது. உங்கள் தீசிஸிலும் வெசிக்கிள் என்றே எழுதுங்கள்.

ரத்தத்தில் உள்ள வெசிக்கிள்களில் பெரும்பங்கு தட்டணுக்கள், சிவப்பணுக்கள், வெள்ளணுக்கள், ரத்தக்குழாய் உள்சுவர்ச் செல்கள் இவற்றிலிருந்து வருபவை. கர்ப்பம் என்றால் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும். இவை ஸ்ட்ரோமா செல்லைத் தொட வேண்டும் என்றால் முதலில் ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்ட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் தட்டில் செய்வதோ, நடுவில் இருக்கும் அந்தச் சுவரையே எடுத்துவிட்டு நேரடியாக ஸ்ட்ரோமா மேல் ஊற்றுவது. அப்படிச் செய்யக் கூடாது என்றில்லை, ஆனால் நடுவில் எதை விட்டுவிட்டோம் என்று தெரிந்து செய்யுங்கள். முடிந்தால் துளைச் சவ்வு உள்ள டிரான்ஸ்வெல் கிண்ணத்தில் மேலே ரத்தக்குழாய்ச் செல்கள், கீழே ஸ்ட்ரோமா என்று ஒரு தடவையாவது வைத்துப் பாருங்கள்.

யாருடைய ரத்தம்

தொடர் கருச்சிதைவுக்கான வரையறையிலேயே குழப்பம் உண்டு. ஐரோப்பிய சங்கமான எஷ்ரே இரண்டு இழப்பு போதும் என்கிறது, பிரிட்டனில் நீண்ட காலம் மூன்று என்று வைத்திருந்தார்கள். எதை எடுத்தீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதைவிட முக்கியம், ஏன் கலைந்தது என்பது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அந்தப் பெண்ணின் சவ்வும் நன்றாக இருக்கலாம், ரத்தமும் நன்றாக இருக்கலாம். கலைந்த திசுவின் குரோமோசோம் முடிவு கையில் இல்லாமல் எல்லாரையும் ஒரே பட்டியலில் சேர்த்தால், உங்கள் நோயாளிக் குழுவில் பாதிப் பேர் உண்மையில் ஒப்பீட்டுக் குழுவில் இருக்க வேண்டியவர்கள்.

ஒப்பீட்டுக் குழு என்றதும் ஆரோக்கியமான பெண்கள் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். கர்ப்பமான பெண்ணா, இல்லாதவரா? கர்ப்பம் என்றால் எத்தனையாவது வாரம்? நஞ்சுக்கொடி வெசிக்கிள் தாயின் ரத்தத்தில் முதல் மூன்று மாதத்திலேயே தெரியத் தொடங்கி வாரம் ஏற ஏறக் கூடும், ஆகவே எட்டு வாரத்தில் கலைந்தவரைப் பன்னிரண்டு வாரக் கர்ப்பிணியோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது நான்கு வார வித்தியாசத்தைத்தான். என்னைக் கேட்டால் மிக நல்ல ஒப்பீடு, அதே வாரத்தில், கருவின் குரோமோசோம் கோளாறு நிரூபிக்கப்பட்டுக் கலைந்தவர்கள். அவர்களுக்கும் இழப்பு உண்டு, ரத்தப்போக்கு உண்டு, மன அழுத்தம் உண்டு, நஞ்சுக்கொடித் திசு சிதைவதும் உண்டு. அவர்களுடைய வெசிக்கிளிலிருந்தும் உங்கள் நோயாளிகளுடையது வேறுபடுகிறது என்று காட்டினால், அதற்கு எடை உண்டு. ஆள் கிடைப்பது கஷ்டம், உண்மைதான்.

இன்னொன்று, கலைந்த பிறகு எடுத்த ரத்தம் காரணத்தைச் சொல்லாது. கரு இறந்தால் நஞ்சுக்கொடியை உருவாக்கும் அதன் டிரோபோபிளாஸ்ட் செல்கள் சிதைந்து குமிழிகளாக ரத்தத்தில் கலக்கின்றன. கலைந்ததால் வந்த வெசிக்கிளை எடுத்து, இதனால்தான் கலைந்தது என்று எழுதிவிடும் அபாயம் இங்கே நிஜமானது. இரண்டு வழி இருக்கிறது: கலைந்து சில மாதவிடாய்ச் சுற்று கழிந்த பிறகு, சுழற்சியின் நாளைக் குறித்துக்கொண்டு எடுப்பது, அல்லது அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே எடுத்து உறைய வைத்து, யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு மறுபடி கலைந்தது என்று காத்திருந்து பிரிப்பது. இரண்டாவதுதான் சரியான வழி, மூன்று வருட பிஎச்.டி.யில் அது முடியுமா என்பதை உங்கள் கைடோடு பேசிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மாத்திரை. இங்கே தொடர் கருச்சிதைவு என்று மருத்துவமனைக்கு வருகிற பெண்களில் ஆஸ்பிரின், புரோஜெஸ்டிரோன், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி இவற்றில் எதையும் தொடாதவரைக் கண்டுபிடிப்பது சிரமம். ஆஸ்பிரின் தட்டணுக்களை அடக்குகிறது, தட்டணுவோ வெசிக்கிளின் பெரிய ஊற்று. ஹெப்பாரின், மரபணுப் பொருளைப் பெருக்கி அளக்கும் பிசிஆரைத் தடுக்கிறது, போதாததற்குச் செல்கள் வெசிக்கிளை உள்வாங்குவதையும் குறைக்கிறது. நோயாளிகள் எல்லாரும் இவற்றில் இருந்து, ஒப்பீட்டுக் குழுவில் யாரும் இல்லை என்றால், நீங்கள் ஒப்பிடுவது மருந்துச் சீட்டுகளை. கடைசி மாத்திரை என்றைக்கு, கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதுங்கள். சும்மா பெயரை மட்டும் எழுதினால் போதாது.

ஊசியிலிருந்து உறைபெட்டி வரை

உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் சீரம் வேண்டாம், உறையவிடாமல் பிரித்த பிளாஸ்மா எடுங்கள். ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் ஏராளமாக வெசிக்கிள் கக்கும், சீரத்தில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி உங்கள் குழாய்க்குள்ளேயே பிறந்தது. சிட்ரேட் குழாய் நல்லது, ஈடிடிஏ குழாயும் பலர் பயன்படுத்துகிறார்கள், ஹெப்பாரின் குழாய் வேண்டவே வேண்டாம். எதை எடுத்தாலும் எல்லாருக்கும் ஒரே வகை. 21 கேஜ் ஊசி, கையில் கட்டும் பட்டையை ரத்தம் ஓடத் தொடங்கியதும் தளர்த்திவிடச் சொல்லுங்கள், முதல் சில மில்லி லிட்டரை வேறு சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஊசி குத்திய காயத்தில் தூண்டப்பட்ட தட்டணுக்கள் அதில்தான் இருக்கும். குழாயை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கலாம், குலுக்கக் கூடாது. வார்டிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டு வரும் அண்ணன் பைக் டேங்க் மேல் கவரில் வைத்துக் கொண்டுவந்தால் அன்றைய மாதிரி போச்சு, குழாயை நிற்க வைத்துத்தான் கொண்டு வர வேண்டும். ஐஸிலும் வைக்காதீர்கள், குளிர் தட்டணுக்களைத் தூண்டும். அறை வெப்பத்தில், ஒரு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் இரண்டு மணிக்குள் சுற்றிவிடுங்கள்.

2500 ஜி, 15 நிமிடம், அறை வெப்பம். மேலே உள்ள பிளாஸ்மாவை உறிஞ்சும்போது வெள்ளணுப் படலத்துக்கு மேலே ஒரு சென்டிமீட்டராவது விட்டுவிடுங்கள். இங்கே பேராசைப்படுகிறவர்கள்தான் அதிகம், இன்னும் அரை மில்லி வருமே என்று பிப்பெட்டை இறக்குவார்கள், அந்த அரை மில்லியோடு தட்டணுக்களும் வந்துவிடும். எடுத்த பிளாஸ்மாவைப் புதுக் குழாய்க்கு மாற்றி மறுபடி 2500 ஜி, 15 நிமிடம், அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு எடுங்கள். இந்த இரண்டாவது சுற்று கட்டாயம். பிளாஸ்மாவில் மிஞ்சிய தட்டணுக்கள் மைனஸ் 80இல் உறைந்து உருகும்போது உடைந்து புதுசு புதுசாகக் குமிழிகளை உண்டாக்கும், அதை அப்புறம் எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. உறைய வைப்பதற்கு முன்பே ஒரு துளியை செல் கவுண்டரில் விட்டுத் தட்டணு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்மாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நல்லது என்றால் வெளிறிய வைக்கோல் நிறம். லேசாக ரோஸ் நிறம் தட்டினால் சிவப்பணு உடைந்திருக்கிறது; 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, முன்கூட்டியே வைத்த வரம்பைத் தாண்டினால் ஒதுக்கிவிடுங்கள், மைக்ரோ ஆர்என்ஏ என்பது மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏ, சிவப்பணுவில் ஏராளமாக இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏ 451 உங்கள் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறி வந்து உட்கார்ந்துவிடும். பால் கலந்த மாதிரி கலங்கல் என்றால் அந்தப் பெண் காலையில் நெய்ப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். வெறும் வயிற்றில் வரச் சொல்லுங்கள். கர்ப்பிணியைப் பட்டினி போட முடியாது, அப்போது எல்லாரிடமும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைக் கேட்டு எழுதுங்கள்.

சின்னச் சின்ன அளவாகப் பிரித்து உறைய வைக்கவும். ஒரு தடவை உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

பிரித்தெடுப்பது

இங்கே எதிரி கொழுப்புத் துகள்கள்தான். ஒரு மில்லி லிட்டர் பிளாஸ்மாவில் லிப்போபுரோட்டீன் துகள்கள் வெசிக்கிள்களைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். இவற்றில் விஎல்டிஎல், கைலோமைக்ரான் இரண்டும் வெசிக்கிள் அளவிலேயே இருக்கும். எச்டிஎல் அளவில் சின்னது, ஆனால் அடர்த்தி வெசிக்கிளோடு ஒத்துப்போகும். அதாவது அளவை வைத்துப் பிரித்தால் ஒரு கூட்டம் கூடவே வருகிறது, அடர்த்தியை வைத்துப் பிரித்தால் இன்னொரு கூட்டம். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால்தான் ஓரளவு சுத்தம். அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் பத்தி, அதன் பிறகு அயோடிக்சனால் என்ற அடர்ந்த கரைசலில் அடர்த்திப் படிகள் என்று போங்கள். நேரமோ பிளாஸ்மாவோ போதாதென்றால் பத்தி மட்டுமாவது.

1,00,000 ஜியில் சுற்றும் அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் பழைய வழி. பிளாஸ்மாவுக்கு அது மட்டும் போதாது. குமிழிகள் அடியில் அழுந்தி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆல்புமினும் சேர்ந்து இறங்கும். பாலிமர் ஊற்றி வீழ்படிவாக்கும் கிட்டுகளைச் செல் மேல் ஊற்றும் வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குழாயில் இருந்த எல்லாமே கீழே இறங்கும், பாலிமரும் சேர்ந்து வரும், அந்தப் பாலிமரே செல்லைத் தொந்தரவு செய்யும்.

எடுத்தது வெசிக்கிள்தானா என்று காட்ட, சவ்வுப் புரதத்தில் சிடி 9, சிடி 63, சிடி 81 இவற்றில் சில, உள்ளிருக்கும் புரதத்தில் டிஎஸ்ஜி 101 அல்லது சின்டெனின், கலப்படத்துக்கு ஆல்புமினும், கொழுப்புத் துகளின் புரதமான ஏபோபியும். கடைசி இரண்டையும் பார்க்காமல் விட்டவர்கள்தான் அதிகம், பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்பதாலோ என்னவோ. துகள் எண்ணும் என்டிஏ கருவி வெசிக்கிளையும் கொழுப்புத் துகளையும் ஒரே மாதிரிதான் எண்ணும், ஆகவே நோயாளிகளிடம் வெசிக்கிள் அதிகம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள், கொழுப்பு அதிகமாக இருந்திருக்கலாம். எந்தச் செல்லிலிருந்து வந்தவை என்று அறிய, மேற்பரப்புக் குறியீடுகளை ஒளியால் ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி: தட்டணுவுக்கு சிடி 41, சிவப்பணுவுக்கு சிடி 235ஏ, வெள்ளணுவுக்கு சிடி 45, ரத்தக்குழாய்ச் சுவருக்கு சிடி 144, நஞ்சுக்கொடிக்கு பிளாப் எனப்படும் அல்கலைன் பாஸ்படேஸ்.

செல்களைத் தயார் செய்வது

பைப்பெல் குழலால் எடுத்த உள்சவ்வுத் துணுக்கைக் கொலாஜினேஸில் கரைத்து, 40 மைக்ரான் சல்லடையில் விட்டால் சுரப்பிக் கொத்துகள் மேலே நிற்கும், ஸ்ட்ரோமா செல்கள் கீழே இறங்கும். சில தலைமுறைக்கு மேல் வளர்த்தால் இவை ஹார்மோனுக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்ளும், அதனால் ஆரம்பத் தலைமுறைகளிலேயே வேலையை முடியுங்கள். திசு கிடைக்காதவர்கள் டெலோமரேஸ் சேர்த்து நிரந்தரமாக்கிய மனித ஸ்ட்ரோமா செல் வரிசையை வாங்கலாம். அதில் ஒரு வசதி, எல்லாருடைய வெசிக்கிளும் ஒரே செல்லைச் சந்திக்கின்றன. ஒரு குறையும் உண்டு: அது ஒரே ஒரு பெண்ணின் செல்.

வளர்ப்பு ஊடகத்தில் போடும் மாட்டுக் கரு சீரத்தில் மாட்டு வெசிக்கிள்கள் குவிந்து கிடக்கும். 1,00,000 ஜியில் 18 மணி நேரம் சுற்றி நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள், அதோடு ஹார்மோனை நீக்கக் கரிப்பொடியில் வடித்ததாகவும் இருக்க வேண்டும். டெசிடுவலைசேஷனுக்கு 8-புரோமோ சைக்ளிக் ஏஎம்பி 0.5 மில்லி மோலார், எம்பிஏ என்ற புரோஜெஸ்டின் 1 மைக்ரோ மோலார். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊடகம் மாற்றவும். நான்காம் நாளில் கதிர் போல் நீண்டு கிடந்த செல்கள் அகலத் தொடங்கும், எட்டாம் நாளுக்குள் செல்லின் உட்கரு உருண்டையாகி, செல் பலகோணமாகப் பரவி நிற்பதைச் சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பார்க்கலாம். ஊடகத்தில் புரோலாக்டினையும் ஐஜிஎஃப்பிபி-1ஐயும் எலைசாவில் அளவிடுங்கள். வெசிக்கிளே போடாமல் இந்த மாற்றம் மூன்று தடவையும் ஒழுங்காக வந்த பிறகுதான் வெசிக்கிளைத் தொடுவது. அடிப்படையே ஆடிக்கொண்டிருந்தால் அதன் மேல் எதைப் போட்டும் பயனில்லை.

வெசிக்கிளை எப்போது போடுவது? ஹார்மோனுக்கு முன்னாலா, கூடவேயா, மாற்றம் முடிந்த பிறகா? மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகள். மாற்றத்தையே தடுக்கிறதா என்றால் முன்னால் அல்லது கூடவே. மாறிய செல்லைக் கெடுக்கிறதா என்றால் பின்னால். கர்ப்பத்தில் எடுத்த ரத்தம் என்றால் சவ்வு அதற்குள் மாறி முடிந்திருக்கும் அல்லவா, அப்போது மாறாத செல் மேல் அந்த வெசிக்கிளைப் போட்டு என்ன பார்க்கப் போகிறீர்கள்?

ஊற்றும்போது கூடவே போகும் திருடர்கள்

இந்தப் பகுதிதான் தீசிஸ் வைவாவில் மாட்டிக்கொள்ளும் இடம். கர்ப்பிணியின் பிளாஸ்மாவில் புரோஜெஸ்டிரோன் நிறைய உண்டு, கொழுப்போடும் ஆல்புமினோடும் ஒட்டிக்கொண்டு உங்கள் வெசிக்கிள் தயாரிப்பில் கொஞ்சம் ஏறி வரலாம். ஆரோக்கியமான கர்ப்பிணியின் வெசிக்கிள் டெசிடுவலைசேஷனைக் கூட்டுகிறது, கலைந்தவருடையது கூட்டவில்லை என்ற அழகான முடிவு, கரு இறந்தபின் புரோஜெஸ்டிரோன் இறங்கிவிட்டது என்ற பழைய செய்தியின் மறுபதிப்பாக இருக்கலாம். தயாரிப்பிலேயே புரோஜெஸ்டிரோன் அளந்துவிடுங்கள், ஒரு நாள் வேலை.

அடுத்தது ரத்தத்தை உறைய வைக்கும் நொதியான திராம்பின். தட்டணு வெசிக்கிளின் வெளிப்புறத்தில் பாஸ்படிடைல்செரின் என்ற கொழுப்பு இருக்கும், உறைதல் காரணிகள் அதன் மேல்தான் கூடும். திராம்பின் உண்டானால் அது ஸ்ட்ரோமா செல்லின் பார்-1 ஏற்பியை நேராகவே தூண்டும். அப்படித் தூண்டப்பட்டு வந்த அழற்சிக்கு மைக்ரோ ஆர்என்ஏ காரணம் என்று எழுதினால் தப்பாகிவிடும். திராம்பின் தடுப்பானான ஹிருடின் சேர்த்து ஒரு கிண்ணம் வையுங்கள். எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சுக்கான சோதனையும் செய்துவிடுங்கள்.

இவற்றோடு, வெறும் உப்புக் கரைசலை அதே பத்தியில் விட்டு எடுத்த திரவம் ஒரு கிண்ணத்துக்கு, வெசிக்கிள் போன பிறகு வரும் புரதப் பகுதி ஒரு கிண்ணத்துக்கு. விளைவு அந்தப் புரதப் பகுதியில்தான் அதிகமாக இருந்தால், வெசிக்கிளைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டு அதைப் பற்றி எழுதுங்கள். அளவை மைக்ரோகிராம் புரதத்தில் மட்டும் சொல்லாதீர்கள், ஒரு செல்லுக்கு எத்தனை துகள், அது எத்தனை மில்லி பிளாஸ்மாவுக்குச் சமம் என்றும் சொல்லுங்கள். பத்து மில்லி பிளாஸ்மாவின் வெசிக்கிள் முழுவதையும் 0.3 சதுர சென்டிமீட்டர் கிண்ணத்தில் கொட்டினால் எந்தச் செல்லுக்கும் கோபம் வரும்.

முடிவைப் படிப்பது

உள்ளே போனதா என்று காட்ட பிகேஎச் சாயம் போடுவார்கள். அந்தச் சாயம் தனியாகவே வெசிக்கிள் அளவில் உருண்டைகளாகத் திரளும், செல்லுக்குள் சிவப்புப் புள்ளியாகவும் தெரியும். வெசிக்கிள் இல்லாமல் சாயம் மட்டும் போட்ட கிண்ணம் இல்லாத படத்தை நம்பாதீர்கள். செல் உள்வாங்குவது குளிரில் குறைந்துவிடும் என்பதால், 4 டிகிரியில் வைத்த கிண்ணமும் வேண்டும்.

வெசிக்கிளுக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏதான் செல்லை மாற்றுகிறது என்ற கதைக்கு அவசரப்படாதீர்கள். 2014இல் வந்த ஒரு கணக்கில், ஒரு குறிப்பிட்ட மைக்ரோ ஆர்என்ஏயின் ஒரே ஒரு பிரதியைப் பார்க்க நூறுக்கும் மேற்பட்ட எக்சோசோம் தேவைப்பட்டது, அதுவும் நிறைய இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கே. வெசிக்கிள் உள்ளே போகாமல், வெளியில் ஒட்டி ஏற்பியைத் தூண்டியே பல வேலைகளைச் செய்ய முடியும். சோதிக்கும் வழி எளிது: மேற்பரப்புப் புரதத்தைப் புரோட்டினேஸால் சீவிவிட்டுப் போட்டுப் பாருங்கள், விளைவு மறைந்தால் விஷயம் மேற்பரப்பில் இருக்கிறது.

எலியில் ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2016இல் ஒரு ஜெர்மானியக் குழு கர்ப்பிணி எலிக்கு வெசிக்கிள் செலுத்தியபோது நஞ்சுக்கொடியில் தட்டணுக்கள் வந்து குவிந்து, டிரோபோபிளாஸ்ட் செல்களில் இன்ஃப்ளமசோம் என்ற அழற்சி இயந்திரத்தைக் கிளப்பிவிட்டன. அது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் முன்சூல்வலிப்பு பற்றிய ஆய்வு, கருச்சிதைவு பற்றியது இல்லை. ஆனாலும் கற்க வேண்டியது இருக்கிறது: வெசிக்கிள் தனியாக வேலை செய்யவில்லை, நடுவில் தட்டணு என்ற கூட்டாளி தேவைப்பட்டது. உங்கள் தட்டில் தட்டணு இல்லை. ஆகவே விளைவு ஒன்றும் வரவில்லை என்றாலும் உடலில் வராது என்று சொல்லிவிட முடியாது. அந்த இயந்திரத்தின் பாகமான என்எல்ஆர்பி3, அது வெளிவிடும் ஐஎல்-1 பீட்டா இரண்டையும் அளக்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளியியலில் ஒன்றே ஒன்று: எண்ணிக்கை என்பது பெண்களின் எண்ணிக்கை, கிண்ணங்களின் எண்ணிக்கை இல்லை. ஆறு பெண்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து பன்னிரண்டு கிண்ணத்தில் ஊற்றினால் உங்கள் எண் ஒன்று. செல் போடுகிறவருக்கு எந்தக் குழாய் யாருடையது என்று தெரியவும் கூடாது.

நடுவில் ஒரு வார்த்தை, கரு கலைந்த வீட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு

தேடிக்கொண்டே இங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள். மேலே உள்ளது எதுவும் சிகிச்சை இல்லை, வெசிக்கிளைப் பார்த்துக் கருச்சிதைவின் காரணம் சொல்லும் அங்கீகரிக்கப்பட்ட ரத்தப் பரிசோதனையும் இன்று இல்லை. எக்சோசோம் ஊசி என்று யாராவது விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தான் அனுமதித்த எக்சோசோம் மருந்து ஒன்றுகூட இல்லை என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2019 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறு: ரத்தம் உறைவதைக் கூட்டும் எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா, பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தாயிற்றா, தைராய்டுக்கான டிஎஸ்எச் எவ்வளவு, கருப்பையின் வடிவத்தை 3டி ஸ்கேனில் பார்த்தாயிற்றா, கலைந்த திசுவைக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்ப முடியுமா. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பரம்பரை உறைதல் கோளாறுக்காக ஹெப்பாரின் போடுவதால் குழந்தை பிறப்பது கூடவில்லை என்று 2023இல் அலைஃப்2 என்ற பெரிய ஆய்வு காட்டியது, ஆகவே தினம் ஒரு ஊசி எதற்காகப் போடச் சொல்கிறார்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பணம் குறைவாக இருந்தால்

சரி, மாணவர்களிடம் திரும்புவோம். எல்லாவற்றுக்கும் கிராண்ட் வராது. எதை முதலில் வெட்டலாம் என்று கேட்டால், மைக்ரோ ஆர்என்ஏ சீக்குவென்சிங்கை வெட்டுங்கள், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை வேறு துறையில் ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள், வெட்டவே கூடாதவை இரண்டாவது சுழற்சி, ஏபோபி பிளாட், புரோஜெஸ்டிரோன் அளவு, குரோமோசோம் முடிவு உள்ள நோயாளிகள். பதினைந்து பெண்களில் ஒழுங்காகச் செய்தது, அறுபது பேரில் சீரமும் கிட்டும் வைத்துச் செய்ததைவிட மேல். நெறிமுறைக் குழுவுக்குப் போகும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில், பெரிய எழுத்தில், நீங்களே எழுதுங்கள். ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு அனுப்பி வாங்கியதைப் படித்துவிட்டு எந்தப் பெண்ணும் கேள்வி கேட்டதில்லை, கேட்க அதில் புரிவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ரத்தத்தில் இருந்து தனிப்பட்ட முடிவு எதுவும் உங்களுக்குத் தர மாட்டோம் என்ற வரி முதல் பத்தியிலேயே வரட்டும், ஏனென்றால் கையை நீட்டும்போதே எல்லாரும் கேட்பது அதைத்தான். பேப்பர் அனுப்பும் முன் பிரித்தெடுத்த முறையின் விவரங்களை, வெசிக்கிள் ஆய்வுகளின் செய்முறைகளைப் பதியும் ஈவி-டிராக் தளத்தில் பதிந்து அந்த எண்ணைச் செய்முறைப் பகுதியில் போடுங்கள், எந்தக் குழாய், எந்த ரோட்டர், எத்தனை மணி என்று அதில் கேட்கும் கேள்விகளை வேலை தொடங்கும் முன்பே ஒரு தடவை படித்துவிட்டால் எதை எதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும் என்ற பட்டியல் தானாகக் கிடைத்துவிடும்.